ரோதைமுனிக்கா, கொழுந்துசாமிக்கா?

பெட்ரோல் புகையும் நறுக்கிய பச்சிலையும் ஒன்றாக மணக்கும்போதெல்லாம் எனக்குக் கற்பூர வாசனையும் சேர்ந்து வரும். புதிதாகக் கொழுந்து மெஷின் பிடிக்க வரும் தம்பிமாருக்கு இந்த மூன்றாவது வாசனையை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அந்த வரட்சியில் எங்கள் தோட்டத்தின் மேட்டு மலைகள் செம்பட்டை பிடித்துக் கிடந்தன. தேயிலைத் துளிர்கள் பாதியில் கண்மூடிவிட்டன. ஆற்றோர மலை மட்டும் தண்ணீர் குடித்த திமிரில் பச்சையாக நின்றது. குறித்த கிலோ பறித்தால் பெண்களுக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. என் வீட்டுக்காரி உட்பட எல்லாருக்கும் வரட்சி தொடங்கியதிலிருந்து அரைப்பேர்தான். அவர்கள் நம்பியிருந்தது அந்த ஆற்றோர மலையை.

தோட்டத்து மேனேஜர் தொரை என்ன செய்தார்? கொழுந்தே இல்லாத மாதத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் வாங்கினார். அவ்வளவு படிப்பு வீண்போகுமா? ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க நானும் யோகனும்.

ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அறிவித்தார்: "இன்னைக்கு ஆத்தோர மலைய மெஷின் வெட்டும். மத்தியானம் கொழும்புல இருந்து கொம்பனிப் பெரியவங்க பாக்க வாறாங்க. பொம்பளையாளுங்க மேட்டு மலைக்குப் போங்க."

கொழுந்துக் கூட்டத்தில் மூத்தவரான மருதாயி அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

"பூச போட்டாச்சுங்களா?"

"போட்டுக்கலாம்."

"எந்தச் சாமிக்குங்க?"

கண்டாக்கு ஐயா திகைத்துப் போனார். ஃபெக்டரி மெஷின்களுக்கு ரோதைமுனி காவல். கொழுந்து பறிப்புக்குக் கொழுந்துசாமி. இது மெஷின், ஆனால் கொழுந்து பறிக்கிறது. பூசை இல்லாமல் இறக்கி எவன் விரலாவது போனால் பழி அவர் தலையில்.

"ரெண்டு சாமிக்கும் போட்டுத் தொலைங்க."

"அதுவரைக்கும் நாங்க?"

"சும்மா நிக்காம எங்கயாவது பறிங்க."

அந்த 'எங்கயாவது'வை மருதாயி அக்கா முந்தானையில் முடிந்துகொண்டார்.

ரோதைமுனி ஃபெக்டரி வாசலைத் தாண்டமாட்டார். மெஷினை அங்கே தூக்கினோம். கொழுந்துசாமி உச்சி மலையில் ஒரு கல். அங்கேயும் தூக்கினோம். ஆள் வேலையைக் குறைக்க வந்த மெஷின் அது. கண்டாக்கு ஐயாவும் வியர்க்க வியர்க்கப் பின்னால் வந்தார். அங்கே பூசாரி, மருதாயி அக்காவின் தம்பி. கற்பூரத்தை எடுத்தார், சுற்றிப் பார்த்தார், மறுபடி மடியில் வைத்தார்.

"மானாப்புல்லு காஞ்சு கெடக்கு. மலையில நெருப்பு வைக்கப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க, ஐயா?"

புல்லை வெட்டி ஒதுக்கிய பிறகே கற்பூரம் எரிந்தது. வெட்டியது நானும் யோகனும், கத்தியால். மெஷின் பொட்டு வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தது.

இறங்கி வந்தபோது ஆற்றோர மலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தராசடியில் நிரம்பிய கூடைகள். அன்று எல்லாருக்கும் முழுப்பேர்.

"யாரு ஒங்கள இங்க பறிக்கச் சொன்னது?"

"நீங்கதாங்க. எங்கயாவதுன்னீங்க. இங்கதான் கொழுந்து இருந்துச்சு."

திட்ட நேரமில்லை, வாகனம் வந்துவிட்டது. பறித்து முடித்த செடிகளின் மேல் மெஷினை முழங்கவிட்டுக்கொண்டு நடந்தோம்; பேருக்கு நாலு முற்றிய இலை வெட்டுப்பட்டது. கொழும்புப் பெரியவர் ஒரே மட்டமாக நின்ற செடிகளைத் தடவிப் பார்த்தார். "எவ்வளவு சுத்தமா வெட்டுது," என்றார். இன்னும் மூன்று மெஷின் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார்.

மெஷின் வருவதைத் தடுக்க நம்மால் ஆகாது. வழியைக் கொஞ்சம் சுற்றுவழியாக்கலாம். நான் அன்று கற்றது அவ்வளவுதான்.

நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பாதை பிரியும் இடத்தில் மருதாயி அக்காவிடம் மூன்று மெஷின் சேதியைச் சொன்னேன். காலிக் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"அப்ப அந்த மானாப்புல்ல இனி வெட்டாத, தம்பி. வளரட்டும்."