தெட்சிணாமூர்த்தி வைத்த பொட்டு

கோவில்பத்தில் தெட்சிணாமூர்த்தியைத் தெரியாதவர்கள் கிடையாது. அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். அங்கே அவர் என்ன கிழித்தார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் கிழித்தது தெருவுக்கே தெரியும். எழுபத்திரண்டில் ரேடியோவைப் பழுது பார்க்கிறேன் என்று பிரித்தார். மறுபடி மூடியபோது நாலு திருகாணி மிச்சம் இருந்தது. "இதெல்லாம் கம்பெனிக்காரன் அனாவசியமா வச்சது" என்று ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைத்தார். ரேடியோ அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. எண்பத்து மூன்றில் இலங்கை டிவி பிடிக்க மொட்டை மாடியில் அவர் நட்ட ஆண்டெனா, முதல் புயலுக்கே பக்கத்து வீட்டு ஓட்டைப் பிளந்துகொண்டு இறங்கியது. "காத்து வந்த திசை தப்பு" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்த புண்ணியவான், மனைவி ராஜத்தின் தம்பி சோமசேகரன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பாரீசிலேயே தங்கிவிட்டவன். எண்பத்தெட்டில் ஊர் வந்தபோது, தான் உபயோகித்த பழைய பெட்டியையும் பிரிண்டரையும் கொண்டுவந்து இறக்கினான். திரையில் பச்சை எழுத்து வரும். வருவது பிரெஞ்சில் வரும். தெட்சிணாமூர்த்திக்குத் தெரிந்த பிரெஞ்சு, 'போன்ழூர்', 'மெர்சி' என்ற இரண்டு சொற்கள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே இருபது வருஷமாகப் பிரெஞ்சு தெரிந்தவராக நடமாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மகள் அல்லிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தம். ராஜத்திடம் நீளமான விலாச நோட்டு ஒன்று இருந்தது. யார் வீடு மாறினார்கள், யார் எந்த ஊருக்கு மாற்றலானார்கள் என்று இருபது வருஷமாக அடித்துத் திருத்தி எழுதி வைத்த நோட்டு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் பத்திரிகைக் கவருக்கு விலாசச் சீட்டு தானே அச்சாகி வரும் என்று தெட்சிணாமூர்த்தி கிளம்பினார். இரண்டு மாதம், இரண்டு விரல், நானூற்றுப் பன்னிரண்டு விலாசம். எல்லாவற்றையும் பிளாப்பித் தட்டில் ஏற்றி முடித்த அன்றே நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்.

"ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருந்தாக் குழப்பம்தான் வரும்" என்று ராஜத்துக்கு விளக்கமும் சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. சைக்கிள், அரிவாள்மணை, டேபிள் ஃபேன் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மேலே குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். அந்த வாரமே, பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரு வைரஸ் தாக்கப்போகிறது என்று பேப்பரில் செய்தி வந்தது. அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் முழுக்கப் படித்துக் காட்டினார்.

சனிக்கிழமை காலை, அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியது. தெட்சிணாமூர்த்தி பிளாப்பியைப் போட்டார். பெட்டி 'கர்... கர்...' என்று உறுமிவிட்டுப் பச்சையாக ஒரு வரி போட்டது. அணைத்துப் போட்டார். அதே வரி. வேறு பிளாப்பி போட்டார். அதே வரி. சோமசேகரன் கொடுத்த விளையாட்டு பிளாப்பி வரைக்கும் அதே வரிதான்.

"பரவிடுச்சு ராஜம். வைரஸ். பேப்பர்ல போட்டானே, அது."

அவர் முகத்தில் கவலையை விடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. பாரீசுக்கும் நியூயார்க்குக்கும் வந்தது கோவில்பத்துக்கும் வந்திருக்கிறது. அதுவும் நேராக அவர் வீட்டுக்கு.

"உங்க வைரஸ் இருக்கட்டும். கும்பகோணத்துப் பெரியப்பா வீட்டு விலாசம் என்ன, அதைச் சொல்லுங்க" என்றாள் ராஜம்.

தெட்சிணாமூர்த்தி பெட்டியை மறுபடி அணைத்துப் போட்டார்.

"பத்திரிகை போகலைன்னா ஒரு சனம் வாசப்படி மிதிக்காது. என் பொண்ணு கல்யாணத்துல காலி நாற்காலிக்கா பந்தி போடறது?"

மூன்று நாள் அவர் வைத்தியம் பார்த்தார். அணைத்து அணைத்துப் போட்டார். ஒரே பிளாப்பியைப் பதினேழு தடவை சொருகினார். டேபிள் ஃபேனைத் திரைக்கு நேரே வைத்துப் பெட்டியைக் காற்று வாங்க விட்டார். அல்லி தன் கால்குலேட்டரோடு அந்த அறைக்குள் போனபோது, "வெளியே கொண்டு போ, அதுக்கும் ஒட்டிக்கும்" என்று விரட்டினார்.

நான்காம் நாள் ராஜம் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி, டவுனில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் கமர் நிஷாவைக் கையோடு அழைத்து வந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். திரையைப் பார்த்தாள்.

"வைரஸ்னு யார் சொன்னா சார்? 'தட்டைப் படிக்க முடியவில்லை, சரிபார்க்கவும்'னு போட்டிருக்கு."

"அதைத்தாம்மா நானும் சொன்னேன்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

அவள் பிளாப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என்ன சார்?"

"சந்தனம். பூஜை போட்டேன்."

"இந்த இடத்துலயா?"

"மேலே வழவழன்னு இருக்கும்மா, நிக்கலை. நடுவுல ஒரு திறப்பு இருக்கு பாரு, அதுக்குள்ள தெரியற இடத்துலதான் நல்லாப் பிடிச்சுது."

"அந்த இடத்துலதான் சார் எல்லாம் எழுதியிருக்கும்." கமர் நிஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போகட்டும். இதுக்கு இன்னொரு பிரதி எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

"எடுக்காமலா?" என்று நிமிர்ந்தார். பீரோவிலிருந்து எடுத்து வந்து நீட்டினார். அதில் இன்னும் பெரிய பொட்டாக இருந்தது. முக்கியமான பிளாப்பி என்று கூடுதல் கவனம்.

அவள் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பெட்டிக்குள் விட்டுத் துடைத்தாள். மஞ்சளாக வந்தது. முதல் தட்டின் சந்தனம் உள்ளே ஒட்டி, பிறகு போட்டதையெல்லாம் பாழாக்கியிருந்தது. துடைத்ததும் அவள் கொண்டுவந்த புது பிளாப்பி ஓடியது. விலாசம் இருந்த இரண்டும் ஓடவில்லை.

"முதல் தடவையே நிறுத்தியிருந்தாக் கழுவிப் பார்த்திருக்கலாம்க்கா" என்று ராஜத்திடம் மெதுவாகச் சொன்னாள். "சார் சொருகிச் சொருகியே தேச்சுச் சுரண்டிட்டாங்க."

ராஜம் அடுக்களைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் தொங்கிய கடிதக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பதினோரு வருஷத்துக் கார்டும் இன்லேண்டும் கவருமாக முழ நீளத்துக்குக் குத்திக் கிடந்தன.

"இதையும்தான் எடைக்குப் போடச் சொன்னீங்க."

அனுப்பியவர் விலாசங்களைப் பார்த்து ராஜமும் அல்லியும் கையால் எழுதினார்கள். கமர் நிஷா கடைசி பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டே ஐம்பது கவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முந்நூற்றுச் சொச்சம் தேறின. நூறு பேர் தேறவில்லை. எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் எதற்குக் கடிதம் போடப் போகிறார்கள்?

"அவங்களை நேர்ல போயி அழைச்சிட்டு வாங்க. தாம்பாளம் எடுத்துக்குங்க. நியாயமா அப்படித்தான் அழைச்சிருக்கணும். நீங்க சீட்டு ஒட்டித் தபால்ல போடப் பாத்தீங்க" என்றாள் ராஜம்.

ஐப்பசி மழையில் ஒன்பது நாள் சைக்கிள் மிதித்தார். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வீடு விடவில்லை. ஆனால் போன வீட்டிலெல்லாம் வைரஸ் கதையையும் சேர்த்தே வைத்துவிட்டு வந்தார். தருமபுரத்தில் அக்கா அஞ்சுகம், தாம்பாளத்தை வாங்காமல் நின்றாள்.

"கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு. இப்பத்தான் வர்றியா?"

"உன் விலாசம் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சுக்கா. வைரஸ்."

"ஏன்டா, உங்கக்கா வீட்டுக்கு வழி தெரியறதுக்குப் பெட்டி வேணுமா உனக்கு? ராஜம் எல்லாம் சொல்லிட்டா, போ." திட்டிக்கொண்டே தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று நாற்காலி போதாமல் பக்கத்துத் தெருவிலிருந்து பெஞ்சு தூக்கிவந்தார்கள். வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக நின்றவள் அஞ்சுகம். உள்ளே வந்த தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாடா, வைரஸ் பூசிக்க."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். தெட்சிணாமூர்த்தி சந்தனத்தை வாங்கிக் கழுத்தில் நன்றாகப் பூசிக்கொண்டு, நேரே சம்பந்தி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

"பத்திரிகை கொஞ்சம் தாமதமாயிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். "பாரீஸ் வைரஸ். நம்ம ஜில்லாவுலயே எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்துச்சு."