வாசல் மணிக்கு ஒரு குரல்

"அம்மா, வார்த்தையில சொல்லாதீங்க. அது எப்படிக் கத்துதோ அப்படியே நீங்க கத்திக் காட்டுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மேஜைமேல் இருக்கும் சின்னப் பெட்டியின் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொள்கிறார் வாஷிங் மெஷின் மெக்கானிக். மறுமுனையில் ஓர் அம்மாள் தயங்குகிறார், தொண்டையைச் செருமிக்கொள்கிறார், பிறகு துணிந்து, "கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக்" என்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். மெக்கானிக் சிரிப்பதில்லை. இரண்டு குமிழ்களைத் திருகி ஒரு கட்டையை அழுத்துகிறார். பெட்டியிலிருந்து கர்ர்ர், டக்.

"இதுவா?"

"இல்லைங்க. இன்னும் கொஞ்சம் கோவமா."

இன்னொரு திருகல்.

"ஐயோ, இதேதான்! எங்க வீட்டு மெஷினை அங்க தூக்கிட்டுப் போயிட்டீங்களா?"

"பேரிங் போச்சும்மா. சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் மெஷினைப் போடாதீங்க."

அந்தப் பெட்டி ஒரு சிந்தசைசர், விதவிதமான சத்தங்களை உண்டாக்குகிற மின் வாத்தியம். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் அகலம். மேலே வரிசையாகக் குமிழ்கள், கீழே விரல் நுனிக்கு மட்டும் இடம் கொடுக்கிற ஆர்மோனியக் கட்டைகள், ஓரமாகத் தீப்பெட்டி அளவு திரை. அவருடைய மச்சினர் பாட்டு வாசிக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. "இதுல பாட்டு வரலை மாமா, பூதம்தான் வருது" என்று ஒரே வாரத்தில் இவர் தலையில் கட்டிவிட்டார். மெக்கானிக்குக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. பூதங்களோடு பழகுவதுதானே அவர் தொழில்.

எஃப்.எம். வகை என்று யாரிடமாவது சொன்னால், "அப்போ செய்தியும் வருமா?" என்று கேட்பார்கள். அவர் சளைக்காமல் விளக்குவார். "ரேடியோ இல்லைங்க. உள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் பாடறார். இன்னொருத்தர் அவர் தோளைப் பிடிச்சு உலுக்கறார். மெதுவா உலுக்கினா குரல் நடுங்கும். வேகமா உலுக்கினா ஆளே மாறிடுவார். மணியாவார், தகரமாவார், நாயாக்கூட ஆவார்."

"நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து உலுக்கறேன்" என்பார் அவர் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல். "ஆள் அப்படியேதான் இருக்கார்."

பெட்டிக்கு மனைவி வைத்திருக்கும் பெயர் 'சின்ன வீடு'. "சாப்பாடு ஆறுது, சின்ன வீட்டுக்கிட்ட சொல்லிட்டு வாங்க" என்பார்.

மெக்கானிக்கோடு கடைக்குப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். டம்ளர் வாங்கப் போனால் ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக்கொள்வார். கடைக்காரர், "அண்ணே, தண்ணி குடிக்கத்தானே?" என்று கேட்கும்வரை சுண்டிக்கொண்டே இருப்பார். வீட்டில் கரண்டி கீழே விழுந்தால், எடுத்து மறுபடியும் போட்டுப் பார்ப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மெஷினின் முதுகில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் நிற்பார். அப்புறம்தான் பை திறக்கும்.

அவர் வீட்டு முன்னறை மனைவியின் ராஜ்யம். நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, போன வருஷத்துச் சட்டையை இந்த வருஷத்து உடம்புக்குத் தளர்த்துவது எல்லாம் அங்கேதான். கைராசிக்காரர். ஆனால் கொஞ்ச காலமாகப் பைகளோடு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். "முனைத்தெருவுல ஒருத்தி புதுசா கடை போட்டிருக்கா. எல்லாரும் அங்க ஓடறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே மாடியில் எதிர்வீட்டில் இருப்பதால் எனக்குக் காரணம் தெரியும். பையோடு வருவார்கள். மணியை அழுத்துவார்கள். ஊசிபோல் மெல்லிசாக ஒரு 'ட்ரீங்'. மறுபடியும் அழுத்துவார்கள். தையல் மெஷின் ஓடாத நேரத்திலும் கதவு திறக்காது. ஆள் இல்லை போல என்று இறங்கிப் போவார்கள். ஒருநாள் மாடிப்படியில் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமான்னு கேட்டேங்க. 'முதல்ல உங்க முணுமுணுப்பைக் காட்டிட்டு வாங்க'ன்னுட்டா. அன்னைக்கு டீயில சர்க்கரை இல்லை."

அதற்கு அடுத்த நாள்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். நன்றாக ஓடுகிற எதையும் ரிப்பேர் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாத மனிதர், வாசல் மணியைக் கழற்றி மேஜைமேல் போட்டு, "போச்சு. உள்ள காயில் கம்பி எரிஞ்சுடுச்சு. நானே ஒரு சத்தம் பண்ணி மாட்டறேன். உனக்கு எது பிடிக்குதோ அதையே வெச்சுடலாம்" என்றார்.

அதிலிருந்து எங்கள் மாடிக்கு நிம்மதி போயிற்று. பெட்டியில் செய்த சத்தத்தை ஒரு சின்ன சர்க்யூட்டில் பதிந்து வாசலில் மாட்டுவார். ஒரு வாரம் தாம்பாளம் உருளும். மறு வாரம் யாரோ குழாய்க்குள் கீச்சென்று தும்முவார்கள். பார்சல் கொண்டுவந்தவர் ஒருநாள் மணியை அழுத்திவிட்டு இரண்டு படி பின்னால் குதித்ததைப் பார்த்தேன். எல்லாமே மனைவி "நல்லா இருக்கு" என்று தலையாட்டித் தேர்ந்தெடுத்தவைதான். ஆனாலும் பையோடு வந்தவர்கள் பையோடே திரும்பினார்கள். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. பிடித்திருக்கிறது என்றால் கேட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜிப் மாற்ற நான் அங்கே போயிருந்தபோது, மெக்கானிக் தன் மனைவிக்கு எதிரே பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது. பல நாள் பாடுபட்டு ஒரு சத்தம் செய்திருந்தார். பெயர் 'கண்ணாடி'. மெல்லிய கிளாஸின் விளிம்பை யாரோ தூரத்தில் தொட்ட மாதிரி இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப கேளு. இதுக்கு மேல ஒண்ணு என்னால பண்ண முடியாது."

புருவத்தை உயர்த்திக்கொண்டு கட்டையை அழுத்தினார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

மனைவி ஊசியை நிறுத்தித் தலையாட்டினார். "ம், இது நல்லா இருக்கு. இனிமையா இருக்கு. இதையே மாட்டிடுங்க."

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். கழுத்திலிருந்து இறங்கிய ஹெட்ஃபோன் ஒயர் பெட்டியின் பின்னால் செருகியிருந்தது. அது செருகியிருந்தால் ஸ்பீக்கர் ஊமை. அவர் அதை மெதுவாகத்தான் பிடுங்கினார். ஆனால் மனைவியின் கண் ஊசித்துளையில் பழகிய கண்.

"அது மாட்டியேவா இருந்துச்சு?"

"ம்."

மனைவி கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்குக் கேக்கலைன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மணி ரிப்பேர்னு சொன்னேனே, அப்பவே."

"ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லலையே."

"டீயில சர்க்கரை வேணுமே."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. "நீங்க அழுத்தும்போது புருவம் மேல போகும். அதைப் பார்த்துத்தான் தலையாட்டினேன். பாவம், மனுஷன் இவ்வளவு பாடுபடறாரேன்னு. இப்ப பண்ணினீங்களே, இது நிஜமாவே நல்லா இருக்குமா?"

"இது கிடக்குது விடு. மெல்லிசா எதுவும் வேணாம்" என்றார் மெக்கானிக். முதல் குமிழை இடப்பக்கம் திருகினார். இரண்டாவதையும் திருகினார். சின்னத் திரையில் எண்கள் இறங்கின. கண்ணாடி போயே போய்விட்டது. "கண்ணை மூடு. கேட்டா கையைத் தூக்கு."

"கண்ணை எதுக்கு மூடணும்?"

"என் மூஞ்சியைப் பாக்காம இருக்கத்தான்."

"அதுவும் நல்லதுதான்." ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு கண்களை மூடினார்.

மெக்கானிக் ஒரு கட்டையை அழுத்தினார். வெள்ளிக் கிண்ணம் ஒலித்தது. மனைவியின் முகத்தில் அசைவில்லை. சுருதியை இறக்கி மறுபடியும் அழுத்தினார். பித்தளைக் குடம். அசைவில்லை. இன்னும் இறக்கினார். அந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப் பிடித்துப் பலமாக உலுக்கியிருக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்த தவளை ஒன்று பெட்டிக்குள்ளிருந்து கரகரத்தது. அதைவிட அசிங்கமான சத்தத்தை அவர் அதுவரை செய்ததில்லை.

மடியிலிருந்து மனைவியின் கை எழும்பி நின்றது.

மெக்கானிக் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. தவளை கத்திக்கொண்டே இருந்தது.