என் கைக்குப் பொருந்திய வாள்

எங்கள் மாமா வாள் செய்கிறவர் என்று சொன்னால் பள்ளியில் ஒருத்தியும் என்னிடம் வம்புக்கு வரமாட்டாள். அது வெட்டாத வாள் என்பதை நானாகச் சொல்வதில்லை. நாங்கள் இருந்தது வங்காளத்தில். அம்மாவின் தம்பியான அவர் சாந்த்ராகாச்சியில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பவானிபூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பழைய ஆயுதங்களுக்கு நகல் செய்வார். "எல்லாரும் ஒரிஜினலுக்கு அலைவாங்க, இவன் டூப்ளிகேட்டுக்கு மூணு மாசம் உயிரை விடறான்" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

அந்த முறை வேலை பெரிய இடத்திலிருந்து வந்தது. ஒரு ஜமீன் மாளிகையை மியூசியமாக்கியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த குட்டி வாளுக்கு, பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு நகல் வேண்டுமாம். பூஜையில் மண்ணால் செய்த துர்க்கை சிலையின் கையில் வைத்த வாள் என்று பெட்டியில் சீட்டு எழுதியிருந்தது. நகல் சரியாக அமைந்தால் மற்ற ஆயுதங்களும் மாமாவுக்குத்தான். பட்டறையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டுவிடலாம்.

அசலைத் தொட அரை மணி நேரம்தான் விட்டார்கள். நீளம், தடிமன், எடை, எந்த இடத்தில் விரலில் தாங்கினால் சாயாமல் நிற்கிறது என்பதுவரை மாமா குறித்துக்கொண்டு வந்தார். பிறகு அரத்தால் ராவுவார், விரலில் நிறுத்துவார், மறுபடி ராவுவார். ஒருநாள் வாள் ஆடாமல் அவர் விரல்மேல் படுத்துக்கொண்டது. நான் மூச்சு விடவில்லை.

வேலை முடிந்ததும் அப்பா பிடித்துப் பார்த்தார். கைப்பிடிக்குள் மூன்று விரல்தான் நுழைந்தது. அம்மாவுக்கும் அதே கதை.

"அளவைக் கோட்டை விட்டுட்டியாடா?" என்றாள் அம்மா.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. குறிப்பை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "அளவெல்லாம் சரிதான் அக்கா. ஆனா மண் சிலைக்கு எதுக்கு இவ்வளவு எடை, இவ்வளவு பாலன்ஸ்? தகரத்துல வெட்டி வெச்சாப் போதாதா?"

நான் கையை நீட்டினேன். நாலு விரலும் கச்சிதமாக உட்கார்ந்தன. கனக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். அம்மாடி! வாள் தானாகப் போய்த் தானாகத் திரும்பி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"கை வலிக்குதா?"

"இல்ல மாமா, அதுவே போகுது!"

சபாஷ் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் வாளை வாங்கித் துணியில் சுற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் மியூசியத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் அதிகாரியை மாமா தீதி, அதாவது அக்கா, என்று அழைத்தார். அவர் பெட்டியைத் திறந்து இரண்டு வாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அளவில் மயிரிழை வித்தியாசமில்லை. "தாருண்!" என்று, பிரமாதம் என்ற அர்த்தத்தில், பூரித்துப்போனார். மாமா நகலை என் கையில் கொடுத்து வீசச் சொன்னார். வீசினேன். தீதியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சாமிக்குச் செஞ்சது இல்ல தீதி" என்று மாமா வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னார். அசலின் விளிம்பில் மூன்று இடங்களில் சிறு பள்ளமாகப் பல் விழுந்திருந்ததைக் காட்டினார். "துரு அரிச்சதுன்னு நெனச்சேன். இரும்போட இரும்பு மோதினது இது."

தீதி என் வயதைக் கேட்டார். "நொய்" என்றேன் பெருமையாக. ஒன்பது. அவர் பெட்டியிலிருந்த சீட்டை எடுத்துக் கிழித்தார். மற்ற ஆயுதங்களின் பட்டியலை மாமாவிடம் கொடுத்தார். அத்தனை பெரிய வேலை கிடைத்த மனிதர், பஸ்ஸில் வீடு வரும்வரை என் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் என் கையை விரித்து எல்லோருக்கும் காட்டினேன். அந்தக் காலத்தில் சண்டை போட்ட வீரனுக்கும் எனக்கும் கை ஒரே அளவு என்று அளந்துவிட்டேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அந்த வீரனுக்கு அப்போது என்ன வயது என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.