மூணாந்தறியை எடைக்குப் போட வைக்கவிருந்த போன்

கடைக்குள் புருசன் பெண்டாட்டி சண்டை நடந்தால் சேல்ஸ்மேன் வாயைத் திறக்கக்கூடாது. நான் திறந்தேன். அதனால்தான் சொல்வதற்கு எனக்கு இப்படி ஒரு கதை கிடைத்தது.

பள்ளிபாளையத்தில் போன் விற்றே தலை நரைத்தவன் நான். எங்கள் கடைக்குப் பின் தெருவில் நாலு விசைத்தறி வைத்திருப்பவர் குமரேசன் அண்ணன். மச்சான் கையில் பார்த்த நாளிலிருந்து, கடையிலேயே விலை அதிகமான மாடல் மேல் அவருக்கு ஒரு கண். அவருடைய மூன்றாவது தறியில், துணியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஃபிட்டர் எத்தனை தடவை வந்து பார்த்தும் தீரவில்லை. அந்தத் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வருகிற பணத்தில் போன் வாங்குவது என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். தறிகளை ஓட்டுவது அவர் மனைவி பூங்கொடி அக்கா. அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் எங்கள் கடைக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள்.

"ஏனுங்க தம்பி, தறிய வித்து வாங்கற அளவுக்கு இதுல என்னதானுங்க இருக்குது?" என்று என்னிடமே கேட்டார்.

கேமரா, டிஸ்ப்ளே, ஸ்பீடு, பல வருசத்துக்கு அப்டேட் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அக்கா அசையவில்லை.

"ஏசி ரூமுல எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். எங்க பட்டறைக்குக் கொண்டாங்க, பாக்கலாம்."

டெமோ பீஸ் கடையைத் தாண்டக்கூடாது. ஆனால் எனக்கு வீராப்பு வந்துவிட்டது. முதலாளிக்குப் போன் போட்டேன். "கீறல் உழுந்துச்சுன்னா உன் சம்பளத்துலதான் புடிப்பேன்" என்றார். எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பட்டறைக்குள் நுழைந்ததுமே மானம் கப்பலேறியது. நாலு தறியின் சத்தத்தில் ரிங்டோன் யார் காதிலும் விழவில்லை. அக்கா எண்ணெய்க் கையோடு விரலை வைத்தார். லாக் திறக்கவே இல்லை. பறக்கிற பஞ்சு சார்ஜர் ஓட்டையில் போய் அடைந்தது. தகரக் கூரைச் சூட்டில் கொஞ்ச நேரம் வீடியோ எடுத்ததற்கே போன் கொதித்து, ஸ்கிரீன் வெளிச்சம் தானாக மங்கியது. பத்தாததற்குப் பின்பக்கக் கண்ணாடி வேறு கையில் வழுக்கியது. இரண்டு தடவை எனக்கு உயிர் போய் வந்தது.

"பாத்தீங்களா?" என்று அக்கா புருசனைப் பார்த்தார்.

அப்போதுதான் மூன்றாவது தறியில் படக்கென்று நூல் அறுந்தது. எனக்குள் ஏதோ பொறி தட்டியது. "அக்கா, அதத் திரும்ப ஓட்டுங்க. ஸ்லோமோஷன்ல எடுக்கறேன்!"

எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க வெளிச்சம் விட்டு விட்டு மினுக்கியது, ஒன்றுமே புரியவில்லை. டியூப்லைட்டில் எடுத்தால் அப்படித்தான் வரும். அது இன்னொரு குறை. விசயத்தைச் சொன்னேன்.

"வெளிச்சந்தானுங்களே வேணும்?" அக்கா டியூப்லைட்டை அணைத்துவிட்டுத் தகரக் கதவைத் தள்ளினார். காலை வெயில் தறி மேல் விழுந்தது. மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கண்ணாடி மாதிரித் தெளிவு!

மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஊடை நூலைச் சுமந்துகொண்டு கண்ணுக்கே சிக்காமல் இங்கும் அங்கும் பறக்கிற நாடா, படத்தில் ஆற அமரப் போனது. அது வந்து நிற்க வேண்டிய இடப்பக்கப் பெட்டிக்குள் நுழைந்தது. முட்டியது. முட்டிய வேகத்தில் இரண்டு விரல் அளவு பின்னால் துள்ளியது. அதனால் அதைத் திருப்பி அனுப்புகிற அடுத்த அடி அதன் மேல் சரியாக விழவில்லை. தள்ளாடிக்கொண்டே தாமதமாக வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே நூல் அறுந்தது.

"இடப்பக்கமுங்க!" அக்கா கத்திய கத்தலில் மற்ற தறிகளின் சத்தமே அடங்கிய மாதிரி இருந்தது. "வலப்பக்கம் அறுவுதுன்னு வலப்பக்கத்தையே கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தோமே!"

தறியை நிறுத்தி இடப்பக்கப் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாடா முட்டி நிற்கிற தோல் தேய்ந்து கல்லாகிக் கிடந்தது. ஃபிட்டர் வந்து புதுத் தோல் போட்டார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அந்தத் தறியில் ஊடை ஒரு தடவைகூட அறுபடவில்லை. போனை விற்றால்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திருக்காது.

சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள்.

"தறிய விக்கறதில்லீங்க தம்பி. இந்தப் போனைத் தவணைல போடுங்க" என்றார் அக்கா.

பில் போட்டுப் பெட்டியை நீட்டினேன். அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். அக்கா அவரைத் தோளால் ஓரமாகத் தள்ளினார்.

"அக்கட்டால நில்லுங்க. தறி ஓட்டறது நானு. போனு எனக்கு."

வாங்க வந்தவரிடம் பேசுவதை நான் குறைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். இப்போதெல்லாம் யாருக்கு அதில் வேலை இருக்கிறது என்று கேட்டு, அவர் கையில் போனைக் கொடுத்து, அவர் வேலை செய்கிற இடத்துக்கே போய்விடுவேன். நிறையும் குறையும் அங்கே தானாக வெளியே வந்துவிடும். குமரேசன் அண்ணன் மட்டும் இன்றைக்கும் என்னைக் கண்டால் முறைப்பார். மூணாந்தறி இன்றைக்கும் ஓடுகிறது.