அண்ணைக் கட்டம்

எனக்கு எழுத்து வடிவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மூன்று சுழி போடவேண்டிய இடத்தில் இரண்டு சுழி போடுவேன். இரண்டு சுழி வரவேண்டிய இடத்தில் நாய்க்கு எழுதுகிற ‘ந’வை எழுதிவிடுவேன். மறதியும் இருக்கிறது. காலையில் என்ன கறி வைத்தேன் என்று மத்தியானம் யோசிக்கிறவள் நான். வாசிகசாலை மலருக்குப் பழைய கதை ஒன்று வேண்டுமாம் என்று பேத்தி கொப்பியும் பேனையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வாசிக்கிறவர்கள் பிழை கண்டால் குறை நினைக்காதீர்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வந்து துணுக்காய்ப் பக்கம் குடியேற்றக் காணி எடுத்தவர்கள். இரண்டு காணிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அதைக் கடக்கப் பாலமாக மேலே ஒரு பாலைமரக்குற்றி. குற்றிக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி பிறந்து அம்மா படுக்கையாகக் கிடந்த மாதங்களில் என்னைக் குளிக்கவார்த்ததும் தலை பின்னிவிட்டதும் பெரியம்மாதான். அம்மா எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகும் என் தலை பெரியம்மாவின் கைக்கே பழகிப்போய்விட்டது.

அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்த ஒரே பைத்தியம் சதுரங்கம். வயல் வேலை முடிந்தால் பெரியப்பா வீட்டு முற்றத்தில் பலகையை விரித்துவிடுவார்கள். பலகையில் குறுக்கு வரிசைகளுக்கு எண்; மேலிருந்து கீழே வரும் எட்டு நிரலுக்கும் எட்டு எழுத்து: க, ங, ச, ஞ, ட, ண, த, ந. இதில் ‘ண’வைத் தனியே சொன்னால் ‘ந’ மாதிரிக் கேட்கும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அப்பா சின்னப்பிள்ளையாக இருந்தபோது பெரியப்பா மணலில் எழுதிச் சொல்லிக்கொடுத்த சொற்களாம் அவை. ‘க’வுக்குக் கல்லு. ‘ட’வுக்குப் படம். ‘ந’வுக்கு நாய். ‘ண’வுக்கு அண்ணை.

தம்பி பிறந்ததற்கு அடுத்த வருடம் விதைப்புக் காலத்தில் தண்ணீரால் சண்டை வந்தது. அப்பாவின் தண்ணீர் முறை முடிய முன்னமே பெரியப்பா வயலுக்குத் தண்ணீரை மறிக்கிற வாய்க்கால் பலகை தூக்கியிருந்தது. யார் தூக்கினார்கள், எருமை ஏதும் இடறியதா என்று இன்றுவரை தெரியாது. அப்பா விசாரிக்கவில்லை. அந்த வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற அத்தனை பேருக்கும் முன்னால் பெரியப்பாவைப் பார்த்து, “தண்ணிக் கள்ளன்” என்றுவிட்டார்.

பெரியப்பா சத்தம்போடவில்லை. “இண்டையிலிருந்து என்னை அண்ணை எண்டு கூப்பிடாதை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வாழ்க்கையில் பெரியப்பா சொன்ன எதையும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. அந்தச் சொல்லையே வாயிலிருந்து எடுத்து எறிந்துவிட்டார். குற்றியால் ஒருவரும் அங்கால் போகக்கூடாது என்றும் கட்டளை.

ஆனால் ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. பாதியில் விட்டால் தோற்ற மாதிரி. அப்பா தேயிலைப்பெட்டிப் பலகையில் கரியால் கட்டம் போட்டு, முள்முருக்கம் கட்டையில் காய் சீவி, அந்த ஆட்டத்தை நினைவிலிருந்து அப்படியே அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“போய்ச் சொல்லு. குதிரை, கல்லு மூண்டு. அவர் என்ன சொல்லுறாரெண்டு கேட்டுக்கொண்டு வா. வேற ஒரு கதையும் இல்லை. இந்த ஆட்டம் முடிஞ்சால் நீயும் அங்கை போகத் தேவையில்லை.”

அப்படித்தான் நான் தூது போகத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் நகர்த்தலைக் கொண்டு குற்றியைக் கடப்பேன். பெரியப்பா பலகைக்கு முன்னால் குந்தி யோசிப்பார். அதற்குள் பெரியம்மா என்னை இழுத்து முன்னால் இருத்தி எண்ணெய் வைத்துத் தலை பின்னுவார். பெரியப்பா கெதியாக யோசித்து முடித்து மறுமொழி சொல்லிவிட்டால், பெரியம்மா பின்னி முடித்ததை அவிழ்த்துவிட்டு, “கோணிப்போச்சு” என்று திரும்பத் தொடங்குவார். என் தலைதான் கோணல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அப்பா, “காலாள், ஆறாவது நிரல், நாலு” என்று சொல்லி அனுப்பினார். நான் போய் அப்படியே ஒப்பித்தேன்.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். “ஆறாவது நிரலோ? அப்பிடியொரு நிரல் என்ர பலகையிலை இல்லையெண்டு சொல்லு.”

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வேறு காயை நகர்த்தினார். அதற்குப் பிறகு அப்பாவின் காய் ஒன்றும் அண்ணைக் கட்டங்களுக்குப் போகவில்லை. அந்த நிரலில் நின்ற அவருடைய காலாள், வெட்டுப்படும்வரை நின்ற இடத்திலேயே நின்றது.

அம்மாவுக்கு விளையாட்டுத் தெரியாது. திரும்பி வந்ததும் அடுப்படியில் வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “இன்னும் எத்தினை காய் கிடக்கு?” பெரியம்மாவும் அதைத்தான் கேட்பார். பதினெட்டு என்றால் இரண்டு பேர் முகமும் தெளியும். பத்து என்றபோது அம்மா சுளகை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அரிசி குறைகிற மாதிரி நாங்கள் மூன்று பெண்களும் காய் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஆறு காய்தான் மிஞ்சியது. அப்பாவிடம் அரசர், கோட்டை, ஒரு காலாள். பெரியப்பாவிடம் அரசர், மந்திரி, ஒரு காலாள். கோட்டை நேராக ஓடும், மந்திரி மூலைப்பாடாக ஓடும் என்கிற அளவுக்கு எனக்கும் விளங்கியிருந்தது.

அன்று அப்பா தன் காலாளை ஒரு கட்டம் தள்ளிப் பெரியப்பாவின் மந்திரியை வெருட்டினார். பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். பெரியம்மா பின்னலை அவிழ்க்க வேண்டிய தேவையே வரவில்லை. வாய்க்காலுக்கு அங்கால் எங்கள் வீட்டுக் கூரையைப் பெரியப்பா ஒருக்கால் பார்த்துவிட்டு மந்திரியை எடுத்து வைத்தார்.

“மந்திரி, அண்ணை அஞ்சு. மாறாமல் சொல்லு பிள்ளை. அண்ணை அஞ்சு.”

நான் பலகையைப் பார்த்தேன். அப்பாவின் கோட்டை கல்லு ஐந்தில் நிற்கிறது. அதிலிருந்து நேரே போனால் அண்ணை ஐந்து. இடையில் ஒன்றுமில்லை. அப்பா எடுப்பார், நாளைக்கோ மறுநாளோ ஆட்டம் முடியும், அதோடு குற்றியும் முடியும்.

குற்றியின் நடுவில் நின்றேன். கீழே தண்ணீர் கலங்கி ஓடியது. அதே வரிசையில் நாய் ஐந்தும் இருக்கிறது. மந்திரி அதற்கும் போகலாம், அங்கே பெரியப்பாவின் காலாள் கோட்டைக்குக் குறுக்கே நிற்கும். ஒரு சொல்தானே. அகப்பட்டாலும் நாக்குப் பிறழ்ந்தது என்று சொல்லலாம்.

“மந்திரி, நாய் அஞ்சு” என்றேன் அப்பாவிடம்.

“ம். தப்பிட்டார்” என்றார் அப்பா. அதில் கொஞ்சம் சந்தோசமும் இருந்த மாதிரித்தான் எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் அப்பாவின் நகர்த்தல்: கோட்டை, கல்லு எட்டு. போய்ச் சொன்னேன்.

“என்னது? எடுக்கச் சொல்லேல்லையோ?”

“இல்லைப் பெரியப்பா. கல்லு எட்டு.”

“வடிவாய் யோசிச்சுச் சொல்லு.”

“கல்லு எட்டுத்தான்.”

கோட்டையை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். “இஞ்சேரும்” என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். “மந்திரியை எடுக்காமல் தம்பி தன்ர கோட்டையை எனக்குத் தாறான்.”

“என்னத்துக்காம்?” என்றார் பெரியம்மா, என் தலையிலிருந்து கையெடுக்காமல்.

பெரியப்பா என்னை நாளைக்கு வரச் சொன்னார். மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு மறுமொழி தந்தார்: “மந்திரி, படம் நாலு. அரசருக்குச் செக். அதே கோட்டிலை பின்னாலை கோட்டையும் நிக்குது, பார்க்கச் சொல்லு.”

நான் கொண்டுபோய்ச் சொன்னேன். அப்பா பலகையில் விரலை வைத்து நாய் ஐந்திலிருந்து மூலைப்பாடாக ஒரு பக்கம் போனார், மறுபக்கம் போனார். படம் நாலு எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

“எங்கையிருந்து எங்கை பறந்தவராம் இந்த மந்திரி?”

பலகையை இரண்டு கையாலும் சோற்றுத் தட்டம் மாதிரி ஏந்திக்கொண்டு எழும்பினார். ஒரு காய் ஆடவில்லை. நேரே குற்றியில் ஏறினார். விதைத்தது கதிராகிவிட்டது, அத்தனை காலமாக மிதியாத குற்றி. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “இஞ்சாருங்கோ, நில்லுங்கோ” என்று பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் நான்.

பெரியப்பா முற்றத்தில் கதிரையில் இருந்தார். அப்பா அவரைப் பார்க்காமல் பெரியம்மாவிடம் முறையிட்டார். “மச்சாள், இவரைக் கேளுங்கோ. நாய் அஞ்சிலை நிண்ட மந்திரி படம் நாலுக்கு என்னெண்டு வந்தது? தண்ணியிலையும் களவு, விளையாட்டிலையும் களவோ?”

“ஆரடா நாய் அஞ்சிலை வைச்சது?” பெரியப்பா எழும்பிவிட்டார். “நான் அண்ணை அஞ்சிலையெல்லே வைச்சன்!”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நாக்குப் பிறழ்ந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பொய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

“பெரியப்பா சரியாத்தான் சொன்னவர். நான்தான் மாத்தினனான்.”

“ஏனடி?”

“மந்திரி போனால் ஆட்டம் முடிஞ்சிடும். பிறகு எனக்கு ஆர் தலை பின்னுறது?”

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அம்மா தம்பியின் தலைமயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு அடி விழப்போகிறது என்று நான் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றேன்.

ஆனால் அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் கல்லு ஐந்தில் தொடங்கி, மெல்ல மெல்ல நேரே போய், ஆறாவது கட்டத்தில் நின்றது. அவருக்கு உண்மையாகவே பொறுக்கவில்லை. நல்ல பயிருக்குள் மாடு நிற்பதைக் கண்டவர் மாதிரிக் கத்தினார்:

“அண்ணை! உங்களுக்கென்ன விசரே? கோட்டைக்கு நேரை கொண்டுவந்து மந்திரியை வைச்சிருக்கிறியளே! பக்கத்திலை நாய்க் கட்டம் சும்மாவெல்லே கிடந்தது!”

தான் என்ன சொன்னார் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கேட்டது. பெரியம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்துவிட்டார். பெரியப்பா மட்டும் ஆறுதலாகத் திரும்பக் கதிரையில் குந்தினார்.

“ஓமடா தம்பி. இப்ப கண் பிடிக்கிறேல்லை” என்றார். பிறகு, “நீயும்தானே கோட்டையைக் கொண்டுபோய் என்ர மந்திரியின்ர பாதையிலை விட்டனி. நான் நினைச்சன்...”

“என்ன நினைச்சியள்?”

“ஒண்டுமில்லை. இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்.”

அன்றைக்கு விளக்கு வைக்கும்வரை எந்தப் பலகை சரியான பலகை என்று வாதாடினார்கள். “மந்திரியை எடடா” என்றார் பெரியப்பா. “அண்டைக்கு எடுக்காததை இண்டைக்கு எடுக்கமாட்டன்” என்றார் அப்பா. அந்த ஆட்டம் முடியவேயில்லை. எனக்குக் கடைசியில் ஒரு குட்டு விழுந்தது. “பிள்ளையை விடடா” என்று பெரியப்பா தடுத்ததால் இரண்டாவது விழவில்லை. அப்பா செய்த பலகை எங்கள் தண்ணீர்க்குடத்துக்கு மூடியாகியது. தூது வேலை போனாலும் குற்றியை யாரையும் கேட்காமல் நான் கடந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு பெரியம்மா என் பின்னலை அவிழ்த்ததில்லை.

என்னுடைய பொய்தான் இரண்டு வீட்டையும் சேர்த்தது என்று எனக்கு நெடுங்காலம் ஒரு பெருமை. வெளியில் சொல்லக் கூச்சம், மனதுக்குள் வைத்திருந்தேன். போன மாதம் பேத்தியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்துக்காகக் கிளிநொச்சிக்குப் போய்ச் சதுரங்கம் விளையாடுகிறவள். நான் சொல்லச் சொல்ல ஆறு காயையும் கைபேசியில் அடுக்கிப் பார்த்தாள்.

“அம்மம்மா, உங்கட பெரியப்பாவுக்கு விளையாடத் தெரியாதோ? காலாள் வெருட்டினால் நாய் அஞ்சுக்குப் போகவேணும். அது சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே.”

“அவருக்குக் கண் பிடிக்கேல்லையாம்” என்றேன்.

சொல்லும்போதே பெரியம்மாவின் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பது பெரியப்பாதான் என்பது ஞாபகம் வந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். அந்த மந்திரியை எடுக்க வேண்டுமென்றால் அப்பா என்னிடம் என்ன சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்? “கோட்டை, அண்ணை அஞ்சு.” வேறு வழியில்லை. வேறு எந்தச் சொல்லையும் பெரியப்பாவின் பலகை ஏற்காது. இருந்த ஒரே மந்திரியைக் கொண்டுபோய் அவர் அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை காத்திருந்திருக்கிறார். என் வாயாலாவது அந்தச் சொல்லைக் கேட்கலாம் என்று. நானோ குற்றியில் வைத்து அதை நாயாக்கிவிட்டேன்.

நான் மாற்றாமல் சொல்லியிருந்தால் அப்பா அந்தச் சொல்லை அனுப்பியிருப்பாரா, மந்திரியை விட்டிருப்பாரா, தெரியாது. ஆனால் அன்றைக்கு முற்றத்தில் அது தானாக வந்தது, அதைப் பெரியப்பா நேரே கேட்டார். அந்த மட்டுக்கும் நல்லது.

பெரியப்பாவின் பலகை இடம்பெயர்வில் போய்விட்டது. குற்றி இருந்த இடத்தில் இப்போது சீமெந்து மதகு. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, இரு பக்கமும் இந்தமுறையும் விதைத்திருக்கிறார்கள். கோட்டை கல்லு ஐந்தில்தான் நின்றதா, பெரியப்பாவின் காலாள் சரியான இடத்தில் நின்றதா என்று எனக்கு நிச்சயமில்லை. விளையாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது ஒருக்கால் அடுக்கிப் பாருங்கள். எழுத்தையும் பாருங்கள். மற்ற இடங்களில் ‘ந’வும் ‘ன’வும் மாறிக் கிடந்தாலும் பரவாயில்லை. ‘அண்ணை’ என்று வருகிற இடமெல்லாம் மூன்று சுழி போட்டிருக்கிறேனா என்று மட்டும் தயவுசெய்து சரிபார்த்துவிடுங்கள்.