காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ

இலுப்பைக்கடவைப் பக்கம் ஓர் ஆரம்பப் பாடசாலையில் நான் படிப்பித்தபோது அங்கே அதிபராக இருந்தவர் அவர். மெலிந்த மனிதர். காலையில் வாசலில் நின்று, கடற்காற்றில் கலைந்த பிள்ளைகளின் தலைமயிரைத் தன் சீப்பால் வாரிவிடுவார்.

அவரே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல்நாள், வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “நாளைக்கு வீட்டில நில்லுங்கோ, காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ” என்றார். பிள்ளைகள் போனதும் நான் அவரிடம் போனேன்.

“என்ன சேர் செய்யிறீங்கள்?”

“வசதியான ஆக்கள் பிள்ளைகளை ரவுண் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகினம், டீச்சர். மிஞ்சினது இந்தக் கடற்தொழில் ஆக்களின்ர பிள்ளைகள்தான். பெறுபேறும் விழுந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள். இதுகள் எங்க போகும்?”

பெறுபேறு நன்றாக வந்தது. பள்ளிக்கூடம் தப்பியது. மறிக்கப்பட்ட பிள்ளைகளைப் பின்னேரங்களில் இருத்தி அவரே வாசிக்கப் பழக்கினார். அவர்களில் ஒருத்தி என்னிடம், “நான் மொக்கோ, டீச்சர்? எனக்குப் படிப்பு ஏறாதோ?” என்று கேட்டாள். அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.