ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவது என் வேலை. நிலக்கோட்டையில் ஒருவர், பூ மார்க்கெட்டில் ஏலம் கூறியவர். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, மாத்திரைக்கு அடங்காத வலி. அதனால் முதுகுத்தண்டுக்குள் நூல் போன்ற ஒரு குழாயை வைத்து, இடுப்பில் கட்டிய சின்ன பம்ப் வழியாக மருந்து போய்க்கொண்டிருந்தது. மார்ஃபினும் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் கலந்த பை அது. ஒரு வாரம் தாங்கவேண்டும் என்று மார்ஃபினை அடர்த்தியாகவே கலந்திருந்தார்கள்.

இடையில் விடுமுறை வந்ததால், அடுத்த பையையும் அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "வெயில் படாம குளுமையா வைங்கக்கா, நானே வந்து மாத்துறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. பம்ப் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வலி கூடி, கூடுதல் மருந்துக்கான பொத்தானை அவர் அடிக்கடி அழுத்தியிருக்கிறார். இன்னும் ஐம்பது நிமிடத்துக்குத்தான் மருந்து இருந்தது.

"அந்தப் பைய எடுங்கக்கா."

அந்த அம்மா மல்லிகை அடுக்கும் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிவந்தார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் மருந்துப் பை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மெல்லிய ஊசிகளைப் போல ஏதோ மின்னியது. கரைந்திருந்த மார்ஃபின் பிரிந்து படிந்திருந்தது.

மருத்துவமனை மருந்தகத்துக்குப் போன் போட்டேன்.

"அம்புட்டு குளிர்ல வச்சா படியத்தான் செய்யும் சிஸ்டர்" என்றார் மருந்தாளுநர். "அதப் போட்றாதீங்க. நான் புதுசா கலந்து வண்டியில அனுப்புறேன். ரெண்டு மணி நேரம் ஆகும்."

அடுத்துப் போனில் பேசிய டாக்டர் பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கையிலிருந்த மார்ஃபின் மாத்திரையையும் கொடுக்கச் சொன்னார். இரண்டையும் செய்தேன். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் கட்டிலில் கிடந்தவரின் தாடை இறுகத் தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் மார்க்கெட் முழுக்கக் கேட்ட குரல் அது. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுமட்டும் விட்டார்.

சிறிது நேரத்தில் அந்த அம்மா என் தோளைத் தொட்டார். பையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சூடேற்றியிருக்கிறார்.

"சிஸ்டர், தெளிஞ்சிருச்சு, பாருங்க! தண்ணி மாதிரி இருக்கு."

உண்மைதான். ஊசிகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். மாட்டிவிட்டால் இரண்டு நிமிட வேலை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துகள் மிச்சமிருந்து குழாயை அடைத்தால்? அடியில் தங்கிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் முதுகுக்குள் இறங்கினால் மூச்சே நின்றுவிடும்.

"போட முடியாதுக்கா."

"நல்லாத்தான இருக்கு! அவரு படுற பாடு உங்களுக்குத் தெரியலையா?" அழுதுகொண்டே என் கையிலிருந்து பையைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. இருவரும் அந்தப் பையைப் பிடித்தபடி நின்றோம். கட்டிலிலிருந்து அவர் கையை உயர்த்தினார்.

"ஏய், விடு. அந்தப் பிள்ளைக்குத் தெரியும்." வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னார்.

எனக்கு அப்போது எதுவுமே தெரிந்திருக்கவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

வேகத்தைக் குறைத்திருந்ததால் பழைய பை நான்கு மணிக்குச் சற்று முன்புவரை தாங்கியது. பிறகு பம்ப் நின்றது. சாலைப் பக்கமே காதை வைத்திருந்தேன். மருத்துவமனை வண்டி வந்தபோது நான்கேகால். புதிய பையை மாட்டும் அவசரத்தில் இணைப்பு மூடியை இரண்டு முறை கீழே போட்டு, புது மூடி எடுக்கவேண்டியதாயிற்று. ஐந்தரை மணி சுமாருக்கு அவர் தாடை தளர்ந்தது. முகம் துடைத்துவிடச் சொன்னார்.

அந்த அம்மா அடுப்படியில் தனியாக நின்றிருந்தார். "நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"இல்லக்கா. ஃபிரிட்ஜ், ஐஸ் ரெண்டும் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

அந்த அம்மா என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பின் ஒவ்வொரு முறையும், நான் மாட்டுவதற்கு முன்னால், பையை என்னிடமிருந்து வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய் அவரும் ஒரு தடவை பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பேன். அவர் கணவர் இன்னும் இரண்டு மாதம் இருந்தார்.